பாதியை மட்டும் மாற்று

தார்த்து நகரத்தில் ஜனவரி ஞாயிறு
ஒன்பது மணிக்குத்தான் எழுகிறது.
விர்வே ஐந்தரைக்கே எழுந்துவிட்டாள்.
செல்களுக்குக் கிழமை தெரியாது.

முதல் பேருந்தில் ஓட்டுநரும் அவளும்,
பனிச்சறுக்குக் கட்டைகளோடு தூங்கும் ஒரு பையனும்.
பாலத்துக்கடியில் எமாயுகி ஆறு
ஓடுவதை நிறுத்தி ஆறு வாரம்.

இன்குபேட்டர் கதவைத் திறந்ததும்
முகத்தில் அடிக்கிறது முப்பத்தேழு டிகிரி:
ஓர் ஆளின் வாய்க்குள் இருக்கும் சூடு.
மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிறது.
துடைத்துக்கொண்டு மூன்றாம் அடுக்கிலிருந்து
பி-பதினேழை எடுக்கிறாள்.

பி-பதினேழுக்குப் பெயர் கிடையாது. விதி அப்படி.
தாளில் இருப்பது இவ்வளவே:
ஆண், அறுபத்தொன்று, பெய்ப்சி ஏரிக்கரை, மீன்பிடி.
முதல் அறிகுறி என்ற கட்டத்தில்
எந்த மருத்துவரோ அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டார்:
“தூண்டில் முடிச்சு நிற்கவில்லை.
நூலைத்தான் குறை சொன்னேன்.
புது நூல் வாங்கினேன்.”

மேற்கையில் நான்கு மில்லிமீட்டர் தோல்.
ஒரு பயறு அளவு. தையல்கூடப் போடவில்லை.
நான்கு மரபணுக்களை அதற்குள் செலுத்தி
வெயில், குளிர், ஒரு பழைய தடுப்பூசி
எல்லாவற்றையும் மறக்க வைத்தார்கள்.
கருவின் முதல் நாட்கள்வரை பின்னோக்கிப் போய்
வேறு வழியாகத் திரும்பி வந்தது
தசைக்குச் சேதி சொல்லும் நரம்பணுவாக.

சிக்கல் இங்கேதான்.
மறதி அளவுக்குமேல் வேலை செய்துவிட்டது.
பிறக்காத பிள்ளையின் நரம்புகள் இவை.
நோய் வர இன்னும் அறுபது வருடம் இருக்கிறது,
ஆய்வுப் பணத்துக்கோ பதினெட்டு மாதம்.
ஆகவே வாட்டுகிறார்கள்:
துளி நஞ்சு, ஒருநாள் பட்டினி.
சீக்கிரம் கிழடாகு, சீக்கிரம் காட்டு
அவரை எது என்ன செய்ததென்று.
விர்வேக்கு இந்தப் பகுதி பிடிக்காது.
செய்கிறாள்.

இன்று வாட்டல் இல்லை, சோறுதான்.
இளஞ்சிவப்பு நீர் மஞ்சளுக்குத் திரும்புகிறது.
பாதியை மட்டும் உறிஞ்சு,
பாதியை மட்டும் ஊற்று.
முழுதும் புதிதானால் தாங்காது இவை;
தாம் கசிந்ததில் கொஞ்சமாவது
தம்மைச் சுற்றி இருக்க வேண்டும்.
ஓரச் சுவரில், சொட்டுச் சொட்டாக.
அவசரப்பட்டால் வலை மொத்தமும்
ஒரே துண்டாகப் பெயர்ந்து மிதக்கும்.
சேர்ந்த புதிதில் இரண்டு முறை அப்படி ஆனது.
கழிவறையில் போய் நின்றிருந்தாள்.

பக்கத்தில் கே-பதினேழு.
ஒப்பிட நோயில்லாத ஒருவர் வேண்டும்,
ஏறக்குறைய அதே வயது, அதே கிணறு,
அதே அடுப்புப்புகை, அதே வாட்டிய மீன்.
யார் கிடைப்பார்?
ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவர்தான்.
பெண், ஐம்பத்தெட்டு.
ரத்த உறவு: இல்லை.

அந்தப் பெண்ணின் செல்லிலிருந்து
நட்சத்திர வடிவில் துணையணுக்கள் வளர்த்து,
அவற்றின்மேல் அவருடைய நரம்புகளை விதைத்தார்கள்.
முதல் முறை
பதினோரு நாள் கூடுதலாக இருந்தன.
மாணவன் தானெல் படிக்கட்டில் ஓடிவந்து சொன்னான்.
இரண்டாம் முறை நான்கு நாள்.
மூன்றாம் முறை பூஞ்சை புகுந்து
எல்லாவற்றிலும் பிளீச் ஊற்ற வேண்டியதாயிற்று.
இதற்குப் பெயர் முடிவல்ல, என்றார் பேராசிரியர்,
போக்குகூட அல்ல.
விர்வே தலையசைத்தாள். சரியான பேச்சு.
இருந்தும் நான்காம் முறைக்கான தட்டுகளில்
எண் எழுதியபோது
தன் கையெழுத்து அழகாக இருந்ததைக் கவனித்தாள்.

நவம்பரில் பதிவேட்டில் ஒரு வரி ஏறியிருந்தது:
பி-பதினேழு, காலமானார்.
ஒப்புதல் இறப்புக்குப் பின்னும் செல்லும்.

நுண்ணோக்கியில் கண் வைக்கிறாள்.
எந்தத் தசையும் இல்லாத தட்டில்
நீள நீளமாகக் கையை நீட்டி
எதையோ பிடிக்கத் தேடுகின்றன.
கணினியில் மின்னல் மின்னலாக அவற்றின் பேச்சு.
யாருக்கு என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை.
“பாதி மாற்றப்பட்டது. தோற்றம்: நன்று” என எழுதி
இரண்டு தட்டுகளையும் உள்ளே வைக்கிறாள்,
இருந்த இடத்திலேயே, தொட்டும் தொடாமல்.

வெளியே ஞாயிறு எழுந்திருந்தது.
ஆற்றின்மேல் பெட்டி போட்டு உட்கார்ந்த ஒருவர்
பனியில் துளை போட்டுவிட்டு,
கையுறையைக் கழற்றி,
நூலைப் பல்லில் கடித்து முடிச்சுப் போடுகிறார்.
ஒருமுறை. மறுபடியும்.
நின்றதா என்று பார்க்க நேரமில்லை.
பேருந்து வந்துவிட்டது.